எந்தத் தண்ணீர்

7 ஏப்ரல் 1932, கிள்ளான், மலாயா

மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பொய் எழுதியிருக்கிறார். ரப்பர் ஆலை மருந்தறைப் புத்தகத்தில் என் அண்ணன் அய்யாவுவின் பெயருக்கு எதிரே ‘குடிகாரன்’ என்று இங்கிலீஷில் இருக்கிறது. அண்ணன் அங்கே பாய்லருக்கு விறகு தள்ளுகிறார். கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். இன்னொரு முறை இப்படி எழுதினால் வேலையும் ஆலை கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

9 ஏப்ரல்

நேற்றிரவு விழித்திருந்து எண்ணினேன். ஐந்து முறை எழுந்து பின்வாய்க்காலுக்குப் போனார். திரும்பி வரும்போதெல்லாம் ஒரு செம்பு தண்ணீர். கேட்டால், “பாய்லர் சூடுடா. அச்சுக்கூடத்துல உக்காந்து எழுத்துக் கோக்குறவனுக்கு என்ன தெரியும்?” என்கிறார். நேற்று அவருக்கு லீவு. எந்தச் சூடு?

12 ஏப்ரல்

வாய்க்கால் ஓரத்தில் எறும்பு. அவர் ஒதுங்கும் இடத்தில் மட்டும். யாரோ டின்பாலைக் கொட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே அண்ணி வெந்நீர் ஊற்றினார். காலையில் மறுபடி எறும்பு. அண்ணன் இளைத்துவிட்டாராம், தேநீரில் டின்பாலை இரண்டு மடங்கு விடுகிறார் அண்ணி.

13 ஏப்ரல்

அண்ணன் வாயில் அழுகிய பழத்தின் வாடை. இதைத்தான் கள் என்கிறார்களா?

16 ஏப்ரல்

அச்சுக்கூடத்துப் பழனியப்பன் சொன்னார்: “எறும்பு மொய்க்குதா? சர்க்கரை வியாதிப்பா. பெரிய ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போ.”

அண்ணன் வரமாட்டேன் என்கிறார். “வியாதின்னு சீட்டு வந்தா ஆலைக்காரன் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவான். நீயா சோறு போடுவ?”

போடுவேன் என்றேன். சிரித்தார். என் சம்பளம் அவருக்குத் தெரியும்.

20 ஏப்ரல்

நேற்றிரவு பாய்லர் முன்னால் விழுந்துவிட்டார். டிரஸ்ஸர் வந்து வாயை முகர்ந்து, “போதை தெளியட்டும்” என்று சாக்கில் கிடத்திவிட்டுப் போனாராம். விடிந்த பிறகுதான் எங்களுக்கு ஆள் வந்தது. வண்டி பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மூத்திரத்தைச் சோதித்தார். சர்க்கரைதான். ஊசி போட்டார்கள். நேற்றே வந்திருக்கணும் என்றார். நேற்றே.

வெளியே அண்ணி சொன்னார்: “தம்பி, நாந்தான் டிரஸ்ஸர்ட்ட சொன்னேன். ராத்திரியெல்லாம் தண்ணி குடிக்கிறாரு, தள்ளாடுறாரு, மருந்து குடுங்கன்னு. எந்தத் தண்ணின்னு அவரு கேக்கலியே.”

கேட்கவில்லை. கூலிக்காரன் என்றால் ஒரே தண்ணிதான் அவர்களுக்கு.

21 ஏப்ரல்

மூன்றரை மணிக்கு.

7 மே

அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. வாய்க்கால் ஓரத்தில் எறும்பு இல்லை.

மருந்தறைக்குப் போனேன். ஆசுபத்திரிச் சீட்டை மேசையில் வைத்தேன். “ஒரு சொல்லுதான், டிரஸ்ஸர். அத அடிச்சுட்டு, இதுல இருக்குறத எழுதுங்க.”

படித்தார். புத்தகத்தை மூடி, “அடுத்த ஆளு வா” என்றார்.

“அடிப்பீங்களா, மாட்டீங்களா?”

பேனா மேசையில் கிடந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் இருமினான். நான் நகரவில்லை.