திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவுக்கு

செவிலிமேடு,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள திரிஷா அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான், திரிஷா, அத்தை மூவரும் சுகம். தோகாவில் வெயில் தணிந்ததா? உங்கள் இருமல் விட்டதா? லீவு முடிந்து உங்கள் அறை நண்பர் ராமராஜன் வியாழக்கிழமை திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று வாரமாகப் போனில் நாம் எங்கே பேசினோம்? எடுத்ததும் திரிஷாவைக் கேட்கிறீர்கள், அவளிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். இதை அடுப்படித் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் மாட்டிவிட்டுப் போன கூடத்துக் கேமராவுக்கு எட்டாத இடம் இது ஒன்றுதான்.

உங்களுக்குக் கோபம் வந்த அன்று நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மீதியையும் சொல்கிறேன். எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆசிரியைகள் சேர்ந்து கூத்துப் போடுகிறோம். கதை நான் எழுதியது. கோபுரத்தின் மேல் உட்கார்ந்து ஊரையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ராஜா. யார் எப்போது சாப்பிட்டார்கள், யார் எங்கே போனார்கள், எல்லாம் அவனுக்குத் தெரியும். ராஜா பார்க்கிறான் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கடைசியில் அவனிடம் உண்மையாகப் பேச ஓர் ஆள் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது உங்களை நினைத்து எழுதவில்லை. இப்போது படித்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ராஜா வேஷம் எனக்கு. கட்டியக்காரன் வேஷம் கணக்கு டீச்சர் ரேவதிக்கு. கிரீடத்தையும் தோளில் கட்டும் மரப் புஜங்களையும் கூத்துக்காரர் வேலாயுதத்திடம் இரவல் வாங்கினோம். கொடுக்கும்போது அவர் கண்டிப்பாக ஒன்று சொன்னார். ராஜா வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னால் நிற்பது எப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தி ஆனாலும் கட்டியக்காரன் பேரும் ஊரும் கேட்பான். பதில் சொன்ன பிறகுதான் திரையை எடுக்கலாம்.

அதைத்தான் அன்று மாலை நம் கூடத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். என் பழைய நீலப் புடவைதான் திரை. அப்போதுதான் சுவரில் இருக்கும் கேமராவிலிருந்து உங்கள் குரல் வந்தது:

"யாரும்மா அதெல்லாம்? யாரைக் கேட்டு வீட்ல கூத்தடிச்சிக்கினு இருக்கீங்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. திரையைப் பிடித்திருந்தவர்கள் புடவையைக் கீழே போட்டுவிட்டார்கள். ரேவதிதான் வேஷத்தை விடாமல் கேமரா பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"திரைக்குப் பின்னால நிக்கற மகாராஜா எந்த ஊரு, என்னா பேருன்னு சொல்லிட்டு வாங்க. சொல்லாத உள்ள வந்தா எப்படிங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களை அவமானப்படுத்த யாரும் நினைக்கவில்லை. ஆனால் ஒட்டுக்கேட்டுப் பிடிபட்ட மாதிரி உங்களுக்குக் கூச்சமாகியிருக்கும், அது கோபமாக மாறியிருக்கும். உங்களை எனக்குத் தெரியாதா? மறுநாள் போனில், நாடகமெல்லாம் இனிமேல் வேண்டாம் என்றீர்கள். நான் போனைத் திரிஷாவிடம் கொடுத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நடிக்கப் போகிறேன். அதற்கு உத்தரவு கேட்டு இதை எழுதவில்லை.

கோபப்படாமல் மேலே படியுங்கள். கேமராவை நீங்கள் ஏன் மாட்டினீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. பின் தெருவில் பூட்டை உடைத்துத் திருடிய வாரம் லீவில் வந்திருந்தீர்கள். மூன்று பெண்களைத் தனியே விட்டுப் போகிறேனே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்பினால்தான் மாட்டினீர்கள். ஆனால் திருடனைப் பார்க்க மாட்டியது, ஸ்கூல் விட்டு நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததைப் பார்க்க ஆரம்பித்தது.

அந்தக் கிரீடத்தைத் தலையில் வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது எனக்கும் பிடித்திருந்தது. எல்லோரும் கைகட்டி நின்றார்கள். இறங்க மனமே வரவில்லை. அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

போன மாதம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சிற்பம் பார்க்க அழைத்துப் போனேன். அங்கே சுவர் முழுக்க ராஜாக்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் யாரைப் பார்த்து நிற்கிறார்கள் என்று கவனியுங்கள், அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நம் கூடத்து நாற்காலிகள் நான்கும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எப்போது அப்படித் திருப்பிப் போட்டோம் என்றே எனக்குத் தெரியவில்லை.

பழைய அகப்பாட்டில் பொருள் தேடிப் போகிறவன், மழைக்காலம் வந்தால் வருவேன் என்று ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டுப் போவான். வீட்டில் காத்திருக்கிறவளும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இருப்பாள். அவனுக்கும் அவள் சொல்தான் துணை. நீங்கள் சொல்லையும் தந்தீர்கள், கேமராவையும் மாட்டினீர்கள். இரண்டில் எதை நம்புகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் அம்மாவின் நினைவு நாளன்று நான் கூடத்தில் திரிஷாவுக்குத் தலை பின்னியதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பார்த்துப் பதறக்கூடாது என்று இங்கே அடுப்படிக்கு வந்துதான் அழுதேன். உங்களிடம் சொல்லி அழ வேண்டிய அழுகை அது. கூடத்தில் நடிக்கக் கற்றுக்கொண்டேன், போனிலும் அதே நடிப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை தினமும் காலையில் கேமராவுக்கு ஸ்தோத்திரம் சொல்லி, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் டூட்டியில் இருப்பீர்கள் என்று சொன்னால் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்து நின்றுவிட்டுப் போகிறார்கள்.

கேமராவின் ஒயர் என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. மூன்று வாரமாக அதன் கீழேயே போய் வருகிறேன், தொடவில்லை. நான் பிடுங்கினால் நான் ஜெயித்து நீங்கள் தோற்ற மாதிரி ஆகிவிடும். அந்த ஜெயிப்பு எனக்கு வேண்டாம். நீங்கள்தான் அணைக்க வேண்டும். வாசலுக்கு வேண்டுமானால் ஒன்று மாட்டிக்கொள்வோம், திருடன் வாசல் வழியாகத்தானே வருவான்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை, எங்கள் ஆண்டு விழாவும் அன்று இரவுதான். அன்று மாலை ஐந்து மணிக்குக் கிரீடத்தைப் பையில் எடுத்துக்கொண்டு கூடத்தில் நிற்பேன், கேமராவில் எரியும் பச்சை விளக்கைப் பார்ப்பேன். அங்கிருந்தே கேமராவை அணைத்துவிட்டுப் போன் பண்ணுங்கள். போனை அத்தையிடம் கொடுக்கிறேன். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். பிறகு நான் வாங்கிப் பேரும் ஊரும் கேட்பேன். அதையும் சொல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் கண்களுக்கு நல்ல தூக்கத்தையும், நம் இருவர் வாய்க்கும் பழைய பேச்சையும் தரட்டும்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை மட்டும் ராஜா,
என்றும் உங்கள்
சுகாசினி