மூன்று வீட்டுப் புத்தகம்

சுங்கை பினாங்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறார். லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போய், கீழ்வீட்டு ஆட்களோடு சேர்ந்து திட்டிக்கொண்டே ஏறுகிறோம்.

அப்பாவின் அந்தப் பழைய பினாங்கு வரலாற்றுப் புத்தகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று விசாரித்து, மாத முடிவுக்குள் விற்றுத் தரச் சொல்லியிருந்தாய். என்ன அவசரம் என்று நீ சொல்லவில்லை. விசாரித்துவிட்டேன். பதிலை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

காய்கறிப் பாசார் மாடியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் பஷீர் அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் துணியைப் பிரித்ததும், குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முன்பக்கத்துப் பட்டியலோடு ஒவ்வொரு படத்தையும் ஒத்துப் பார்த்தார். மடித்து வைத்த நகர வரைபடத்தை விரித்து, மடிப்புகளில் கிழிசல் உண்டா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். படங்களின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள்கள்கூட அப்படியே இருந்தன. ‘இதே புத்தகத்தோட மத்த பிரதியையெல்லாம் வெட்டி, படத்துக்குக் கண்ணாடி போட்டு ஹோட்டலுக்கு வித்துட்டாங்க தங்கச்சி. முழுசா ஒண்ண நானே இப்பதான் பாக்குறேன். நம்ம ஊரு புழுக்கத்துல ஒரு புள்ளி இல்ல, ஒரு பூச்சி இல்ல. இத வீட்டுல வச்சிருந்தீங்களா, ஐஸ் பெட்டியில வச்சிருந்தீங்களா?’ என்று கேட்டார். இருபதாயிரம் மலேசிய வெள்ளிக்குக் குறையாதாம். வாங்க ஆளும் இருக்கிறதாம்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது துறைமுகப் படத்தில் என் கண் நின்றுவிட்டது. மூட்டை சுமக்கும் ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள். வரைந்தவன் அவர்களைக் கும்பலாக விட்டுவிடவில்லை. ஒவ்வொரு முதுகும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருக்கிறது. ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அந்தச் சிரிப்புக்கு என்ன காரணமோ என்று யோசித்தபடியே வீடு வந்தேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விலையைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ‘அது நம்மளுது இல்லடி’ என்றார்.

உனக்கும் எனக்கும் தெரியாத கதை இது. துறைமுகத்தில் அப்பாவோடு கணக்கெழுதும் கிராணிகளாக வேலை செய்தவர்கள் பிச்சைமுத்து அங்கிளும், காலமான முகம்மது சுல்தான் மாமாவும். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது இந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துறைமுகப் படம் மூவரையும் பிடித்துக்கொண்டது. தனியாக வாங்க ஒருவருக்கும் வசதி இல்லை. மாதாமாதம் ஆளுக்கொரு தொகை போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டு நம் ஆட்களுக்குப் பழக்கம்தானே? அதே மாதிரி மூவரும் பணம் போட்டு வாங்கி, ஒரு வீட்டுக்கு ஒரு வருடம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வழியில் மூவருமாகப் போடும் தண்ணீர்ப் பந்தலில் புத்தகம் கைமாறும்.

அப்பா அதை இரவல் கொடுக்கிறார் என்றுதான் நாம் நினைத்தோம். பள்ளியில் படிவம் மூன்று படித்தபோது வரலாற்றுப் பாடத்துக்கு வேண்டிய நேரத்தில் புத்தகம் வீட்டில் இல்லையென்று அப்பாவிடம் கத்தினாயே, அப்போது அது சுங்கை பாக்காப்பில் பிச்சைமுத்து அங்கிள் வீட்டில் இருந்திருக்கிறது. அப்பா எதையும் விளக்கிப் பழகாதவர்.

பஷீர் அண்ணன் கேட்ட கேள்வியை அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். புத்தகம் கைமாறும்போது அதைச் சரிபார்ப்பது ஆண்கள் இல்லையாம், மூன்று வீட்டுப் பெண்களுமாம். ‘என் முறையில புள்ளி விழுந்துச்சுன்னு ஹபீபா அக்கா சொல்லிடக் கூடாதுல்ல? அதுக்குத்தான் மழை மாசத்துல ஒவ்வொரு ஏடா விசிறிக் காய வப்பேன். அந்தக்கா மட்டும் லேசுப்பட்டதா? ஒருவாட்டி பூச்சிக்கு நான் வச்ச கிராம்பு வாசம் தூக்கலா இருக்குன்னு திருப்பி அனுப்பப் பாத்துச்சு!’ என்றார். சுல்தான் மாமா வீட்டு ஹபீபா பீவி மாமி அப்படிச் செய்யக்கூடியவர்தான். யோசித்துப் பார், இந்தப் புழுக்கத்தில், ஒழுகும் கூரைகளுக்கு நடுவே, பிள்ளைகளின் எண்ணெய்க் கைகளுக்கு எட்டாமல் நாற்பது வருடத்துக்கு மேல்! அந்தப் பெண்கள் மூவரில் ஒருவரும் அதிலுள்ள ஆங்கிலத்தைப் படித்ததில்லை.

அப்பா இறந்தது, புத்தகம் நம் முறையில் இருந்த வருடத்தில். அதன் பிறகு இரண்டு தைப்பூசம் கடந்துவிட்டது. அப்பா தொட்டதைப் பிரிய அம்மாவுக்கு மனமில்லை. அவர்களும் கேட்கவில்லை.

நேற்று அம்மாவையும் புத்தகத்தையும் காடியில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி சுங்கை பாக்காப் போனேன். பிச்சைமுத்து அங்கிள் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். ‘பாக்கியநாதன் போன வீட்டுக்கு வந்து, புஸ்தகம் எங்கன்னு கேக்கச் சொல்றியாம்மா? அதுக்குப் பேசாம இருந்துட்டுப் போறேன்லா’ என்றார். விலையைச் சொன்னதும், ‘அடேயப்பா! ஏலத்துல கூட விலை கேட்டுட்டேன்னு சுல்தான் ஒரு வாரம் எங்கிட்ட பேசல. இப்ப இருந்தா கால்ல விழச் சொல்லியிருப்பேன்’ என்று சிரித்தார்.

பிறகு அம்மா அவரோடு பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் அங்கிள் என்னிடம், ‘தம்பிக்குத் தேவைன்னா வித்துருங்க. சுல்தான் வீட்ல நான் பேசிக்கிறேன். பங்குகிங்குன்னு யாரும் வாயத் திறக்க மாட்டோம். படத்த வெட்டாத ஆளாப் பாத்துக் குடுங்க, போதும்’ என்றார். எதற்குத் தேவை என்ற பேச்சே இல்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா, அந்த நிமிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ கேட்டது கிடைத்திருக்கும். ஆனால் ‘இது உங்க முறை அங்கிள்’ என்று புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அங்கிளின் மனைவி கைகழுவி வந்து, வெள்ளைத் துண்டு விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். அம்மா பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசிப் படத்தையும் மூடிவிட்டு, ‘ஒரு குறையும் இல்ல டோரதி’ என்றார் அவர். அப்பா இறந்த அன்று அழாத அம்மா அங்கே அழுதார்.

புத்தகத்தை விற்கவில்லை. முடிவு என்னுடையது. கோபத்தை என்மீது காட்டு, அம்மாவிடம் வேண்டாம்.

இன்னொன்று. உனக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தான். சில மாதமாக வேலை நாளில் காலை பதினொரு மணிக்கெல்லாம் கூப்பிடுகிறாய். ‘இன்னிக்கும் லீவு போல’ என்று அம்மா போனை வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நானும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத்தான் ஊருக்கு வர வேண்டும் என்று மட்டும் இருந்துவிடாதே. பயணச்சீட்டை நான் எடுக்கிறேன், தேதியை மட்டும் சொல். வெறுங்கையோடு வா.

மாதா உன் தலைமேல் கைவைத்து உன்னை வழிநடத்தட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
ஷார்லின்