ஐவியை எடை போட்ட கதை

ஹாக்ஸ்டன், லண்டன்,
மார்ச் 1912

கப்பலில் கரி அள்ளிக்கொண்டிருக்கும் என் எட்வினுக்கு,

உங்கள் கிளாரா எழுதுவது. நானும் பாப்பா ஐவியும் உயிரோடு இருக்கிறோம். மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள். அங்கே நின்று கத்தினால் எனக்குக் கேட்காது.

ஐவி பிறந்ததிலிருந்தே நோஞ்சான். அதனால் தெருமுனைத் தாய்சேய் நிலையத்தில் சேர்ந்தேன். வாராவாரம் குழந்தையை எடை போடுவார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு மதியச் சாப்பாடும் உண்டு. முதல் எடையிலேயே அங்கே எடை போடும் மிஸ் ஃபென் உதட்டைப் பிதுக்கினாள்.

விஷயம் மாடிவீட்டுப் பிளக்ரோஸ் அம்மாளுக்கு எட்டிவிட்டது. தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள் அல்லவா! "பச்சப்புள்ளய எடை போடுறதும் சவப்பெட்டிக்கு அளவெடுக்குறதும் ஒண்ணுடி, கூறுகெட்டவளே!" என்று குதித்தாள். ஐவியைக் கம்பளித் துணியில் சுற்றி, மே மாதம் வரை அவிழ்க்காதே என்று தைத்தே விட்டாள். குளிர்காலத்தில் எல்லோரும் செய்வதுதானே என்று நானும் சும்மா இருந்தேன்.

அடுத்த வாரம் துணியோடு எடை போட்டார்கள். முள் எகிறியது! மிஸ் ஃபென் பூரித்துப்போய், "புள்ள தேறிட்டா, கிளாரா. இனிமே உன் சாப்பாட்ட வேற நோஞ்சான் புள்ளயோட அம்மாவுக்குக் குடுத்துடலாம்" என்றாள். நானும் பல்லை இளித்துக்கொண்டு வந்தேன். பிறகு ரொட்டியும் டீயும்தான். பால் வற்றியது. தேறிய குழந்தை ராப்பகலாக வீறிட்டது.

நேற்று நிலையத்து டாக்டரம்மா, "எடை ஏறுது, கன்னம் ஏறலியே" என்று தையலைக் கத்தரித்தாள். தராசுத் தட்டில் டங்கென்று விழுந்தது ஒரு பாதி லாடம்! இரும்பு இருந்தால் எடை போட்ட தோஷம் அண்டாதென்று பிளக்ரோஸ் அம்மாள் உள்ளே வைத்துத் தைத்தது. லாடம் போனதும் முள் பழைய இடத்துக்கும் கீழே இறங்கியது. அறையே சிரித்தது, நான் மட்டும் அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது, எட்வின்.

சாப்பாடு திரும்பக் கிடைத்துவிட்டது. இன்று ஆட்டுக்கறி ஸ்டூ, வெட்கமில்லாமல் இரண்டு முறை வாங்கினேன். வாசலில் பிளக்ரோஸ் அம்மாள் மறித்தாள். "வெறும் உடம்போடயா நிறுத்தாங்க? வெளங்குமாடி?" என்றாள். "போன வருஷம் எம்புள்ள ஜோயிய யாரும் எடை போடலியே, அவன் தங்கினானா?" என்று கேட்டுவிட்டேன். அவனைக் கையில் ஏந்தியவள் அவள்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வர்ற வாரம் நானும் வரேன். அந்தத் தராசு ஒழுங்கா நிக்குதான்னு பாக்கணும்" என்றாள்.

கடவுள் உங்களைக் கரை சேர்க்கட்டும். வந்ததும் முதலில் ஐவியைத் தூக்குங்கள். கனத்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். துணியை ஒருமுறை தடவிப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. அவள்தான் கனப்பாள். கனக்க வேண்டும்.

உங்கள்,
கிளாரா