உப்புத்தண்ணி ஐயாவின் பேத்தி

இன்று காலை பேருந்தில் என் பைக்குள் மீன் அமிலப் பாட்டிலின் மூடி தெறித்தது.

பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன் குடலும் வெல்லமும் பல வாரம் ஊறிய வாசனை முதலில் என் மடியில் பரவியது. பிறகு பக்கத்து இருக்கைக்காரரின் வேட்டிக்குப் போனது. பிறகு எல்லாருக்கும்.

"யாரும்மா அது, கருவாடு எடுத்தாந்தா நல்லா கட்டி எடுத்தாறக் கூடாது?" என்றார் நடத்துநர்.

கருவாடு இல்லை, செடிக்கு ஊற்றுகிற உரம் என்றேன்.

"செடி பொழைக்குதா?" என்று கேட்டார் வேட்டிக்காரர்.

மீதி வழியெல்லாம் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய். மூடியை ஏன் இறுக்கினாய் என்று திட்டியிருப்பாய். காற்று வெளியே போக வழி வைக்க வேண்டும் என்று இணைய மன்றத்தில் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாய். நான் அப்போது அதையெல்லாம் படிக்கவில்லை. எனக்கு வலைப்பூ இருந்தது.

எனக்கு வலைப்பூ, உனக்கு மன்றம். கல்லூரிப் பேருந்தில் தொடங்கிய சண்டை. நான் இலக்கியம், நீ வணிகவியல். படிப்பு முடிந்து நீ ஆரோவில்லில் ஒரு தச்சுப்பட்டறைக்குக் கணக்கு எழுதப் போன பிறகும் சண்டை ஓயவில்லை.

என் வலைப்பூவின் பெயர் 'வெண்மையின் விளிம்பு'. இப்போது எழுதும்போது கூசுகிறது. வெள்ளைப் பின்னணி. வெளிர் சாம்பல் எழுத்து. படிக்கவே முடியவில்லை என்றாய். அதுதான் நோக்கம் என்றேன். உப்பளத்தைப் பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். 'உப்பு. அப்புறம் உப்பு. அப்புறம்.' அவ்வளவுதான் பதிவு. நீ போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாய்.

"அப்புறம் இன்னாடி?"

"அவ்ளோதான்."

"நான் நெட்டு போயிடுச்சின்னு நெனச்சேன்."

அதற்கு வந்த ஒரே பின்னூட்டம், ஜாமீன் இல்லாமல் கடன் தருகிறோம் என்று யாரோ போட்டது. நான் அதற்கு நன்றி சொல்லிப் பதில் எழுதியிருந்தேன். அதை நீ பார்த்துவிட்டாய். ஒரு வாரம் என்னை "கடன்காரி" என்றே கூப்பிட்டாய்.

"உன் பிளாக்ல எல்லாமே பதிலா இருக்குது. யாருடி கேட்டா உன்னை?" என்றாய் ஒருநாள்.

மன்றத்தில் எழுதுவது சந்தையில் கூவுவது மாதிரி, நாளைக்கு யார் அதைத் தேடி எடுப்பார்கள் என்றேன். பெரிதாக ஏதோ சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

"எதுக்குத் தேடணும்? அவன் வெண்டைக்காய்ல பூச்சி போச்சின்னா போதும்."

உன்னுடையது மாடித்தோட்ட மன்றம். உங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் பின்புறம், கடல்காற்று நேராக அடிக்காத மூலையில், தார்ப்பாய் கட்டி, பழைய பெயின்ட் பக்கெட்டுகளில் வளர்த்தாய். காற்றோடு வரும் உப்பு இலையில் படிந்தால் ஓரமெல்லாம் கருகிவிடும். அதற்காகத் தினமும் காலையில் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாய். உன் அம்மா வாசலில் நின்று என்னிடம் முறையிடுவார்.

"என் மூஞ்சிய ஒருநாள் தொடச்சி விட்டிருப்பாளாம்மா இவ?"

"உன் மூஞ்சி கருகலியே," என்பாய், திரும்பாமலே.

உப்புக்காற்றில் கருவேப்பிலையைப் பிழைக்க வைத்த ஆள் என்று மன்றத்தில் உனக்குப் பெரிய பெயர். அங்கே நீ வைத்துக்கொண்ட பெயர் 'உப்புத்தண்ணி'. முகப்படத்தில் ஒரு தக்காளி. யாரோ ஒருவர் முதலில் 'ஐயா' என்று அழைத்திருக்கிறார். நீ மறுக்கவில்லை. அடுத்தவரும் 'ஐயா' என்றார். ஆறு மாதத்தில் நீ, ரிட்டயராகி உப்பளத்துக்குப் பக்கத்தில் தனியாக வாழும் ஒரு பெரியவராகிவிட்டாய். 'உப்புத்தண்ணி ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.' 'ஐயாவின் அனுபவத்துக்கு முன்னால் நாமெல்லாம் எம்மாத்திரம்.' உனக்கு அப்போது இருபத்துநாலு வயது.

"ஏன்டி சொல்ல மாட்டேன்ற?"

"பொண்ணுன்னு தெரிஞ்சா 'சாப்டீங்களா'ன்னு தனியா மெசேஜ் வரும். ஐயான்னா பூச்சியப் பத்தி மட்டும்தான் பேசுவானுங்க. நிம்மதியா இருக்குது."

என் வலைப்பூவில் 'சாப்டீங்களா' என்று கேட்கக்கூட ஆள் வந்ததில்லை.

அந்த மன்றத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம். விதை, பதியன், கிழங்கு எதுவானாலும் தபாலில் அனுப்ப மாட்டார்கள். ஊர்வழி போகும் பேருந்தில் நடத்துநரிடம் கொடுத்து, வாங்குகிறவருக்குப் போனில் தகவல் அனுப்பிவிடுவார்கள். முதல் பார்சல் வந்த அன்று நானும் உன்னோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றேன். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து. நடத்துநர் ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"உப்புத்தண்ணி ஐயா யாருப்பா?"

"நான்தாங்க," என்றாய்.

அவர் உன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஐயாவ வரச் சொல்லும்மா. அவர் கையிலதான் குடுக்கணும்னு அனுப்பினவரு சொன்னாரு."

"ஐயாவுக்கு முட்டி வலிங்க. நான் பேத்தி."

சாக்குப்பை கைமாறியது. அதுமுதல் நீ உனக்கே பேத்தி. அந்த நடத்துநர் ஒவ்வொரு முறையும் ஐயாவின் முட்டியை விசாரித்தார். நீயும் சளைக்காமல் நிலவரம் சொன்னாய். மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகம், வெயிலில் பரவாயில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். எழவில்லை.

மாதா கோயிலில் பூசை. மணலில் குழி. மழை நிற்கவேயில்லை. வீட்டுக்குப் போய் வலைப்பூவைத் திறந்தேன். ஒரே வரி எழுதினேன். 'நீ இல்லை.' அதன் கீழே வெள்ளை. மறுநாள் பார்த்தேன். வாசித்தவர் ஒருவர். அது நான்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கப் போனது.

உன் போனை உன் அம்மா அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். சில வாரம் கழித்து அது அடித்தது. பார்சல் வந்திருக்கிறது, பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்கிறார்கள். அம்மா போயிருக்கிறார். நடத்துநர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "ஐயா எப்டிம்மா இருக்காரு? பேத்தி வரலியா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"எந்த ஐயாம்மா? இவ அப்பா போயி பத்து வருசமாவுது. எந்தப் பேத்தி? அந்த ஆளு பஸ்ச நிறுத்திட்டு என்கிட்ட கேக்கறான்."

பொட்டலத்தைப் பிரித்தோம். உள்ளே முட்டி வலித் தைலம். ஒரு துண்டுச்சீட்டு. 'ஐயா, பல நாளாகத் தங்களைக் காணோம். வலி அதிகமோ என்று கவலை. காலை மாலை இளஞ்சூட்டில் தடவவும்.'

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தக்காளி, ஐயா, பேத்தி. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். 'வெயிலில் பரவாயில்லை' என்ற இடத்தில் சிரித்துவிட்டார். உன்னை அடக்கம் செய்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தைலத்தைத் திறந்து தன் முட்டியில் தடவிக்கொண்டார்.

அடுத்தடுத்துப் பார்சல் வந்தது. முடக்கத்தான் பொடி. கொள்ளு. ஒருவர் கைத்தடி அனுப்பியிருந்தார். அம்மாவால் பஸ் ஸ்டாப்புக்குப் போய் 'பரவாயில்லை' என்று சொல்ல முடியவில்லை. "நீ அவங்ககிட்ட சொல்லிடும்மா," என்றார்.

மன்றத்தில் சேர்ந்தேன். 'பிரம்மதேசம்' என்று பெயர் கொடுத்தேன். நெடுநேரம் யோசித்து எழுதினேன். 'உப்புத்தண்ணி ஐயா இனி எழுதமாட்டார். அவர் காலமானார்.' உன் வேஷத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. நீயாக விரும்பி வைத்துக்கொண்டது. அதைக் கலைக்க நான் யார்?

பத்து நிமிடத்தில், மன்றத்தை மேற்பார்க்கும் மட்டுறுத்துநரிடமிருந்து தகவல் வந்தது. 'புதிய உறுப்பினர் முதல் பதிவில் தம் செடியின் படத்தை இணைப்பது கட்டாயம். பதிவு நீக்கப்பட்டது.'

உன் சாவுச்செய்தியை விதிமீறல் என்று தூக்கிவிட்டார்கள். உன்னிடம் சொல்லிச் சிரிக்க உடனே போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது.

என்னிடம் ஏது செடி? உன் வீட்டுக்கு வந்தேன். உன் கருவேப்பிலையைப் படம் எடுத்தேன். துடைக்க ஆளில்லாமல் இலைகளில் வெள்ளை படிந்திருந்தது. ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. என்ன எழுதினாய், படித்துக் காட்டு என்றார் அம்மா. படித்தேன்.

"ஐயான்னா போட்ட?"

"அவ அப்பிடித்தாம்மா வெச்சிருந்தா. அவளுக்கு அதான் புடிச்சிருந்தது."

அம்மா கருகிய இலையோரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"வயசானவரு போயிட்டாருன்னா, சரி, வயசாயிடுச்சின்னு நெனப்பாங்க. ரெண்டு பேரு உச்சு கொட்டுவாங்க. எம் பொண்ணு அப்பிடிப் போவலியேம்மா." பிறகு சொன்னார்: "உயிரோட இருக்கசொல்ல அவளுக்கு நிம்மதி வேணும், மறைச்சா. இனிமே எவன் வந்து அவளைச் சாப்டியான்னு கேக்கப் போறான்? கேட்டாத்தான் இன்னா? கேக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'உப்புத்தண்ணி எங்கள் மகள். இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. காய்ச்சலில் இறந்துவிட்டாள். முட்டி நன்றாகத்தான் இருந்தது. தைலத்தை நான் பூசிக்கொள்கிறேன், வலிக்குக் கேட்கிறது. நீங்கள் எல்லாரும் நல்லா இருக்கணும்.' கீழே படம்.

நான் எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். முட்டியை வெட்டியிருப்பேன்.

முதல் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. 'இலை ஓரம் கருகியுள்ளது. உப்புப் படிவு. ஈரத்துணியால் துடைக்கவும். உப்புத்தண்ணி ஐயாவின் பழைய பதிவைப் பார்க்கவும்.' இரண்டாவது ஆள் அதை மறுத்தார், இது இரும்புச்சத்துக் குறைவு என்று. மூன்றாமவர் இருவரையும் திட்டினார். நாலாவது ஆள்தான் மேலே இருந்ததைப் படித்திருக்கிறார். 'அட பாவிகளா, எழுத்தைப் படியுங்கள்' என்று போட்டார்.

இரும்புச்சத்துச் சண்டை அதோடு நின்றது.

பிறகு வந்தார்கள். கைத்தடி அனுப்பியவர் எழுதினார்: 'எனக்கு அறுபத்தெட்டு. அந்தக் குழந்தையை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒருமுறைகூடத் திருத்தவில்லை.' ஒரு அம்மாள், நீ சொல்லிப் பிழைத்த தன் மல்லிகையைப் படம் எடுத்துப் போட்டார். அடுத்தவர் பாகல். அடுத்தவர் ஒரே ஒரு எலுமிச்சை. இரண்டு நாள் இப்படியே போனது. நீ எழுதிய பதில்களைத் தனியே எடுத்து ஒரு வலைப்பூவாகப் போடலாமே என்று யாரோ கேட்டார்கள். நான் முயன்று பார்த்தேன். 'ஆமாம்.' 'இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.' 'அவர் சொல்வது தவறு.' கேள்வியை எடுத்துவிட்டால் நீ மிஞ்சவில்லை. நான்கூட இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மட்டுறுத்துநர் வந்தார். இரங்கல் எதுவும் சொல்லவில்லை. 'செடிகளுக்கு இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

என்னை யாரும் ஒன்றைக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்து, நான் எழுதியதில்லை. 'வாரநாளில் அம்மா, ஞாயிறு நான்' என்று போட்டேன். அது அப்போது உண்மையில்லை. அடுத்த ஞாயிறு வந்து உண்மையாக்கினேன்.

வலைப்பூவில் எழுதுவதை விட்டு மாதங்களாகின்றன. யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு தலைவலியால் வராமல் படம் போடாமல் இருந்ததற்கு, 'பிரம்மதேசத்தைக் காணவில்லை' என்று மன்றத்தில் தனி விவாத இழையே தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். அம்மா எல்லாவற்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எழுதும்மா, இவனுங்க யாருக்கும் ஒண்ணும் தெரியலன்னு," என்றார். அவருக்கும் இப்போது அங்கே எதிரிகள் உண்டு.

ஒன்று கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

தார்ப்பாய்க்குக் கீழே, கடைசியில், பிடி உடைந்த நீலப் பக்கெட். வெறும் மண் என்று நினைத்து அம்மா கொட்டப் போனார். இன்று காலை பார்த்தால் ஒரு முளை. இரண்டு இலை, கொஞ்சம் சுணை. படம் எடுத்து மன்றத்தில் போட்டேன். சுண்டை என்கிறார் ஒருவர். கத்திரி என்கிறார் இன்னொருவர். வெறும் களை, பிடுங்கி எறியுங்கள் என்கிறார் மட்டுறுத்துநர். சண்டை நடந்துகொண்டிருக்கிறது. போட்டவளைக் கேட்டால்தான் தெரியும் என்று யாரோ எழுதிவிட்டார்கள். அதற்குமட்டும் யாரும் பதில் போடவில்லை.

என்னடி போட்டாய் அதில்?

காய்க்கும் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார். இலையைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.