தலைமாட்டுக் கயிறு

பிளாக்ரிக்,
4 பிப்ரவரி 1893

அன்புள்ள கேவின் அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. முப்பது வருஷச் சுரங்கத் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது, இனி நாள் கணக்குதான் என்கிறார் டாக்டர். ஓட்ஸ் கஞ்சி நாலு கரண்டி இறங்கினால் அதிகம். நீ எழுதுகிற பத்திரிகை வந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "இந்தப் பய தேவாலயத்தையும் விட்டு வைக்கலியா?" என்று திட்டுகிறார். திட்டி முடித்ததும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். சோஷலிசம் பேசுகிறாய் என்று உன்னை வீட்டைவிட்டுத் துரத்தி ஆறு வருஷமாகிறது. அவர் கோபம் தணிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். உன்னுடையது?

ஒரு தடவை வந்து போ. பேச ஆளில்லாமல் நான் அடுப்போடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
கிரிஸல்

டண்டீ,
11 பிப்ரவரி 1893

அன்புத் தங்கச்சிக்கு,

சணல் ஆலைப் பெண்களின் வேலைநிறுத்தம் மூன்றாவது வாரமாக நடக்கிறது. தினம் இரண்டு கூட்டம், நடுவில் கட்டுரை. நேற்று மழையில் என் பேச்சைக் கேட்க நின்றவர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் போலீஸ்காரர். "நல்லாத்தான் பேசுறீங்க. போய் ஏதாவது சூடா குடிங்க" என்றார். அன்றைக்கு என்னைச் சாப்பிடச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கை தட்டுகிறவர்களுக்கெல்லாம் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, கிரிஸல்.

அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர் கையெழுத்தைப் பார்த்ததுமே மேசை டிராயரில் போட்டுவிட்டேன். அவர் எழுதினால் பைபிள் வசனமும் வசவும்தானே? பிரிக்கவில்லை. வேலைநிறுத்தம் முடிந்ததும் அவசியம் வருகிறேன்.

அன்புடன்,
கேவின்

பிளாக்ரிக்,
20 பிப்ரவரி 1893

கேவினுக்கு,

செவ்வாய்க்கிழமை அப்பா போய்விட்டார். தந்தி கொடுத்தேன். நீ வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருப்பதாக நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாள் பதில் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம்.

சவப்பெட்டியைக் குழியில் இறக்கக் கயிறு பிடிக்கிற எட்டுப் பேருக்கும் அப்பாவே, உயிரோடு இருக்கும்போதே, சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். நீ பிரிக்காமல் வைத்திருப்பது முதல் சீட்டு. தலைமாட்டுக் கயிறு மூத்த மகனுக்கு.

நம் ஊர்ப் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. நானும் வெளியே கேட்டருகில்தான் நின்றேன். "கேவின் ரான்கின்!" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். ஏழு பேர் கயிறோடு நிற்க, தலைமாட்டில் யாருமில்லை. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போனேன்.

"ஏ புள்ள, பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றார் சர்ச் மூப்பர்.

"எங்கப்பாவ இறக்குற வேலை."

யாரும் தடுக்கவில்லை. பெட்டி ரொம்ப லேசாக இருந்தது.

இதை உன் பத்திரிகையில் எழுதிவிடாதே. பெண்ணுரிமைக்காக நான் கயிறு பிடிக்கவில்லை. நீ வரவில்லை, அதனால் பிடித்தேன்.

சனிக்கிழமைக்குள் வீட்டைச் சுரங்கக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். கிளாஸ்கோவில் ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. உன் ஆலைப் பெண்கள் ஜெயிக்கட்டும், மனசாரச் சொல்கிறேன். புது விலாசத்தை உனக்கு எழுதப் போவதில்லை.

கிரிஸல் ரான்கின்