மாமன் சீர் தோடும் பிள்ளையின் காதும்

தியாகதுருகம்

அன்பு மகன் செழியனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாரியாத்தா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், ஷார்ஜா வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே சமாதானம் பேசி வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் தங்கை எழில்மதியின் மகள் தமிழ்மொழி காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என்று நீ கொடுத்தனுப்பிய கல்தோட்டைப் பற்றித்தான். போன வாரம் வடக்கனந்தலில் அவள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன், ஒரே நாற்றம், எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். காதுதானப்பா அது. மடல் வீங்கி, திருகு சதைக்குள் புதைந்து, சீழ், அதன்மேல் மஞ்சள், அதன்மேல் எண்ணெய், அதில் ஒரு ஈ. ஏன் கழற்றவில்லை என்றால் எழில்மதியின் மாமியார், மாமன் சீரைக் கய்ட்டினா ஆவாதுங்க சம்மந்தி, உங்க புள்ள இன்னா நெனைப்பாரு என்கிறார். பொன் ஊசி என்று யாராவது கண்ணில் குத்திக்கொள்வார்களா? இது பொன்னும் இல்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்தால் முலாம் உரிந்து தண்டெல்லாம் பச்சை பூத்திருக்கிறது, ச்சீ. நிக்கல் கலந்த மட்டமான உலோகம், புதுப் புண்ணுக்கு ஆகவே ஆகாது, நல்ல தங்கம் போடுங்கள், இல்லாவிட்டால் டைட்டானியம், ஆறும்வரை வெள்ளிகூட வேண்டாம் என்றார் டாக்டர். இன்னும் விட்டிருந்தால் மடலே அறுந்திருக்குமாம். செருப்பு வாங்கினால் தோல்தானா என்று முகர்ந்து பார்க்கிறவன் நீ, பச்சைப் பிள்ளை சதைக்குள் போகிற சாமான் இன்னதென்று கடைக்காரனை ஒரு வார்த்தை கேட்டாயா? வெல்வெட் பெட்டியைப் பார்த்து மயங்கிவிட்டாய்.

புண் ஆறி வருகிறது, பயப்படாதே. ஓட்டை தூர்ந்தால் தூரட்டும். இன்னொன்று, எழில்மதி உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், என்னால் முடியவில்லை. குத்தும்போது வீடியோவில் உன் முகத்தைத்தானே பிள்ளைக்குக் காட்டினோம், அப்புறம் வலியில் அழும்போதெல்லாம் மாமா தோடு, கய்ட்டக் கூடாது என்றே அடக்கியிருக்கிறார்கள். இப்போது உன் முகம் போனில் தெரிந்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மாமா வாணாம், மாமா வாணாம் என்று அலறுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு சாமி. கொஞ்ச நாள் வீடியோவில் கூப்பிடாதே. லீவு கேட்டு நேரில் வா, வெறுங்கையோடு வா.

உன் அப்பா
சின்னதுரை