துடக்கு வீட்டு மண்வெட்டி

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாள்தொட்டு உங்களை நான் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். இனிமேல் வேறு பெயர் தேட எனக்கு அலுப்பாக இருக்கிறது. அதனால் இதையும் அப்படியே தொடங்குகிறேன். நான் செய்ததைப் பற்றி ஊரார் ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி உங்களிடம் சொன்னால் அவர்கள் காதிலும் விழும்.

உங்கள் அந்தியேட்டி முடிந்துவிட்டது. கீரிமலையில் உங்கள் தம்பி வேலுப்பிள்ளை எல்லாக் கிரியையும் ஒழுங்காகச் செய்தார். மகன்தான் செய்யவேண்டியது. யப்பான்காரன் மலாயாவில் இறங்கிய பிறகு, அங்கே வேலைக்குப் போன அவனிடமிருந்து தபாலே இல்லை. ஐயா செத்துப்போனார் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் உயிரோடு இருக்கிறானா என்பது எனக்குத் தெரியாது.

நம்முடைய கண்ணாப்பிட்டியை வெளியூரார் ஓர் ஊராகவே எண்ணுவதில்லை. இக்கரையில் வயலும் நாலைந்து கடையும் பிள்ளையார் கோயிலும். அக்கரையில் வலைகளும் மாதா கோயிலும். நடுவில் ஏரி. கோடையில் அது வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும். தோணிக்காரன் வேலையில்லாமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பான். மாரியில் மழைத்தண்ணீர் வந்து நிறையும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் அலை கொண்டுவந்து போட்ட மணல்மேட்டை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்கு இறங்கும். முந்தி வெட்டினால் நல்ல தண்ணீர் ஓடிப்போய்க் கடல் உள்ளே வரும், கிணறெல்லாம் உவர்க்கும். பிந்தினால் நெல் அழுகும். ஊரின் சரித்திரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இதுதான்.

வயல்காரர் பொறு என்பார்கள். மீனும் இறாலும் உள்ளே ஏறவேண்டுமென்று அக்கரையார் வெட்டு என்பார்கள். உங்கள் பாட்டனார் காலத்தில் யாரோ களவாக வெட்டப்போய் மண்டைகள் உடைந்து ஓர் உயிரும் போனதாம். அதன்பிறகு இரண்டு கோயில் வாசலிலும் சத்தியம் பண்ணினார்கள். இக்கரை வயல்காரருக்காக முதல் வெட்டு நம் வீட்டு மண்வெட்டி. இரண்டாம் வெட்டு அக்கரையில் பெரிய வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மண்வெட்டி. இரண்டும் விழாமல் வேறொருவரும் மணலைத் தொடக்கூடாது.

கார்த்திகை பிறந்தால் நீங்கள் வீட்டில் தங்கமாட்டீர்கள். இக்கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு நாலு பேச்சு வாங்குவீர்கள். அக்கரைக்குப் போய் வேறு நாலு பேச்சு. அங்கே என்ன தந்தார்கள் என்று நான் கேட்டதில்லை, பனங்கள்ளு வாசம் தானாகவே சொல்லும். இரண்டு பக்கமும் ஒரேயளவு ஏசினால் வெட்டுகிற நாள் சரி என்று வந்து படுப்பீர்கள்.

அப்படிப்பட்ட மனிசனுக்குச் சாக வேறு மாதம் கிடைக்கவில்லையா? உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். அழுத நேரம்போக மிச்ச நேரமெல்லாம் கோபம்.

கார்த்திகைக் கடைசியில் நனைந்த விறகோடு மல்லுக்கட்டி உங்களை எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் நம் வீட்டுக்குத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. துடக்குக்காரர் கோயில் வாசலையே மிதிக்கக்கூடாது. தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தித் தொடங்குகிற காரியத்துக்கு எப்படிப் போவது? அந்தியேட்டி கழியட்டும், அதுதான் அண்ணைக்கு மரியாதை என்றார் வேலுப்பிள்ளை. ஊரும் ஓம் என்றது.

வேடிக்கை என்னவென்றால், அக்கரையும் ஓம் என்றது. வருடாவருடம் வெட்டு வெட்டென்று உங்கள் உயிரை எடுத்தவர்கள் இந்த வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நீங்கள் இருக்கும்போது இவ்வளவு மரியாதை உங்களுக்கு யாரும் தந்ததில்லை.

ஆனால் மழை யாருடைய துடக்கைப் பார்த்தது? மார்கழி பிறந்தும் விடவில்லை. ரங்கூன் அரிசி நின்றுபோய்க் கூப்பன் அரிசிக்கு ஊர் வரிசையில் நிற்கிற காலம். நெல்லோ குடலைப் பருவத்தில், கதிர் வெளியே தலைநீட்டப் போகிற நேரம். நான் வெள்ளைச் சேலையோடு வீட்டுக்குள் இருந்தேன். துக்கம் கேட்க வந்த பெண்களின் சேலைக்கரை நாளுக்கு நாள் மேலே மேலே நனைந்திருந்தது. உங்களுக்கென்று ஒப்பாரி தொடங்கி இடையில் தங்கள் வயலைச் சொல்லி அழுதார்கள். ஒருத்தியையும் நான் தடுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கரைச் சம்மாட்டி சூசைப்பிள்ளை வந்தார். வந்தவர் உங்களைப் பற்றி ஒன்றும் கதைக்காமல் முற்றத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தார். "உங்களுக்குத் துடக்கு இல்லையே, நீங்களே முதல் வெட்டை வெட்டிவிடுங்கோ," என்று அவரிடம் கேட்டேன்.

"ஏலாது தங்கச்சி," என்றார். "அண்ணை இல்லாத நேரம் பாத்து வெட்டினவங்கள் எண்டு பேர் வரும். அடுத்த மாரிக்கு அதையே சொல்லி இரண்டு பக்கமும் அடிபடுவாங்கள். அந்தச் சத்தியம் எங்களாலை முறிய வேண்டாம்."

"அப்ப நெல்லு அழுகட்டுமோ?"

கருவாடு கொடுத்து நம் நெல்லை வாங்கித்தான் அக்கரை அடுப்பும் எரிகிறது, அது அவருக்குத் தெரியாததா. நான் உள்ளே போய் உங்கள் மண்வெட்டியை எடுத்தேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். எனக்கு அலுத்துவிட்டது. இன்னும் ஒரு நாள் அந்த மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

வேலுப்பிள்ளை வாசல் படலையில் மறித்தார். "மச்சாள், அண்ணையின்ரை சாம்பல் சூடு ஆறேல்லை. துடக்கோடை நீங்கள் மண்வெட்டி தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் சாப்பிட்டுப்போட்டுக் கதைக்கட்டும்," என்றேன்.

சூசைப்பிள்ளையோடு தோணியில் போனேன். துடக்குக்காரி தேங்காய் உடைக்கக்கூடாது, அந்த மழையில் கற்பூரமும் எரியாது. இரண்டும் இல்லாமலே மணல்மேட்டில் நின்றேன். நீங்கள் ஒரே வீச்சில் வெட்டுவதைப் பார்த்து அதைச் சின்ன வேலை என்று எண்ணியிருந்தேன். மண்வெட்டி சறுக்கி என் காலருகே விழுந்தது. இரண்டாம் முறைதான் இறங்கியது, அதுவும் ஒரு சாண். சூசைப்பிள்ளை தன் வெட்டை என் வெட்டுக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு, செய்தி கேட்டு ஓடிவந்த இரண்டு கரை ஆண்களும் இறங்கினார்கள். பின்னேரம் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தது. எனக்கு அழுகை வந்தது. உங்களை எடுத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

பள்ள வயல்கள் போய்விட்டன. வேரோடு அழுகிய நாற்றம் இன்னும் காற்றில் வருகிறது. மேட்டு வயல்கள் தப்பின, வேலுப்பிள்ளையின் வயலும் அதற்குள் உண்டு. கதிர் முற்றி நிற்கிறதாம். ஆனால் அவர் என்னோடு கதைப்பதில்லை. கிரியை முழுவதும் ஐயரின் முகத்தைப் பார்த்தே செய்து முடித்தார். சொந்தக்காரர் பாதிப்பேர் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பஞ்ச காலத்தில் சோறு மிஞ்சின வீடு இந்த ஊரில் நம்முடையது ஒன்றுதான். மிஞ்சியதைத் தோணியில் அக்கரைக்கு அனுப்பினேன்.

உங்களுக்கு வரவேண்டிய மரியாதையை நான் நடுவில் குலைத்துவிட்டேன் என்கிறார்கள். அப்படியா? இன்னும் கொஞ்சம் முந்திப் போயிருந்தால் பள்ள வயலும் தப்பியிருக்குமா? இதையெல்லாம் கேட்க ஓர் ஆள் இல்லை. கேட்டால் நீங்களும் வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல்தான் இருந்திருப்பீர்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எனக்கு இருமல் விடவில்லை. நானும் ஒரு மாரியில்தான் வந்து சேருவேன்போல இருக்கிறது. வேலுப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், சூசைப்பிள்ளையிடம் நேரே சொல்லிவிட்டேன், மகன் வந்தால் அவனிடமும் சொல்வேன். நான் செத்துக் கிடக்கும்போது ஏரி நிறைந்து நின்றால், என்னைக் கூடத்தில் கிடத்திவிட்டு எல்லாரும் மண்வெட்டியோடு போகவேண்டும். தண்ணீர் கடலில் இறங்கின பிறகு வந்து என்னைத் தூக்கட்டும். ஒருவரும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் அவர்களுக்காகக் காத்திருப்பேன்.

உங்கடை மனுசி,
நாகம்மா